ஒளித்துக் கொண்டுபோன இடியாப்ப உரல்

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் தகரப் பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த சேலைகளை விரலால் எண்ணிவிட்டு அடியில் கையை விட்டார். துணியில் சுற்றிய இடியாப்ப உரல், மாவுச் சல்லடை, சின்னத் தோசைக்கல், மூடி போட்ட குண்டான் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. எல்லாம் புதுசு.

"ஏனம்மா, சிலோனில இடியாப்ப உரல் இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பக்கத்தில் நின்ற என் மகள் சபியா சிரிக்கவில்லை. மாத்தளையில் அவள் மாமியார் வீட்டில் இந்தப் பெட்டியை யாராவது திறந்தால் என்ன சொல்வது என்ற யோசனை அவளுக்கு. எனக்கும் அதே யோசனைதான். ஆனால் பல வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவளுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.

சபியாவுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் ஏப்பம், வாய்வு என்கிற கணக்கில் இல்லை. ஒரு வாய் சப்பாத்தி உள்ளே போனால் போதும், வயிற்றை முறுக்கி வாந்தி எடுப்பாள், பிறகு நாள்கணக்கில் பேதி. என் வீட்டுக்காரர் ரயில்வே வேலையில் ஜபல்பூரில் இருந்தபோது மூன்று வேளையும் ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளை, பெரிய வகுப்புக்குப் போன பிறகும் சின்ன வகுப்புப் பிள்ளை போலவே இருந்தாள். ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம், கீரிப்பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். கடைசியில் மதராஸில், சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், "கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்றார். நிறுத்தினோம். திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சோற்றில் விழுந்தோம். பிள்ளை முகத்தில் சதை வைத்தது.

டாக்டர்கள் கோதுமையை விடு என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது அடுப்படியில் நிற்பவளுக்குத்தான் தெரியும். ரவை, மைதா, சேமியா எல்லாம் அதன் பிள்ளைகள். பார்லிக் கஞ்சி நல்லது என்று எவராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் சபியாவுக்கு ரசம் சாப்பிட்டால் வலித்தது. கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள் என்பதை நான் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. வயிற்று உப்புசத்துக்கு நல்லதென்று அதைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்த மகராசி நான்தான். அதனால்தான் அடுத்த வீட்டுச் சட்டி, சல்லடையைக்கூட நம்பாமல் எல்லாம் புதுசாக வாங்கிப் பெட்டியின் அடியில் ஒளித்தேன்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் படிக்க வந்த மாத்தளைப் பையன் நிஜாமுக்கு அவளை நிக்காஹ் செய்து கொடுத்தோம். பையனிடம் எதையும் மறைக்கவில்லை. அவருடைய வாப்பாவும் அண்ணனும் திருச்சிக்கு வந்திருந்தார்கள். கால் வீக்கத்தால் தாயார் வரவில்லை. "உம்மாக்கிட்ட நான் நேரம் பாத்து செல்றேன் மாமி" என்றார் மாப்பிள்ளை. அவர்கள் வாயில் 'சொல்' என்பது 'செல்' என்றும் 'இருக்கு' என்பது 'ஈக்கு' என்றும் வரும். எனக்கும் அது வசதியாக இருந்தது. வியாதிக்காரப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் அதை அழிக்க நூறு நல்ல சொல் போதாது. மாப்பிள்ளை முன்னால் ஊருக்குப் போய்விட, பெண்ணைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரருக்குக் கப்பல் என்றாலே தலை சுற்றும்.

சிலோன் என்றால் சோறும் தேங்காயும் என்றுதான் நினைத்திருந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் அந்த நினைப்பைக் கலைத்தார்.

"அரிசியோ? கூப்பனுக்குக் கிடைக்கிறது கண்ணுக்கும் காணாது. ஊர் விட்டு ஊர் கொண்டு போகவும் விடமாட்டினம். றோட்டிலே மறிச்சுப் பறிப்பினம். பாணும் மரவள்ளியும்தான் இப்ப சீவியம்."

பாண் என்பது ரொட்டி. கண்டியில் இறங்கிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், இன்றைக்குச் சோறு விற்கக் கூடாத நாள் என்றார்கள். வாரத்தில் அப்படிச் சில நாள் அரசாங்கமே வைத்திருக்கிறதாம். மேசைக்கு மேசை பாணும் பருப்பும். சபியா வாழைப்பழம் தின்றாள். அரிசி இல்லாத தேசத்துக்குக் கோதுமை ஆகாத பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அங்கே, அந்த எண்ணெய் படிந்த மேசையில் வைத்துத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

மறுநாள் நல்ல நாள் இல்லை என்பதால், மாத்தளைக்கு முந்திய உக்குவளையில் நிஜாமின் சாச்சி வீட்டில் தங்க ஏற்பாடு. சாச்சி என்றால் தாயின் தங்கை. மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சாச்சி எங்களைப் பார்த்ததும், அக்கா முறையில் என்னை 'ராத்தா' என்று அழைத்துவிட்டு அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டார். காலையில் தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். இடியாப்பத்தைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் இடியாப்பம் என்றால் அரிசிமாவுதான், வேறு மாவில் யாரும் பிழிந்து நான் பார்த்ததில்லை. "சாப்பிடும்மா" என்று சபியாவுக்கு நானே எடுத்து வைத்தேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் ஆசையோடு தின்றாள்.

மத்தியானம் அவள் கிணற்றடியில் குனிந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குப் புரியவில்லை. வெந்நீர் கேட்டுக் குசினிக்குள் போனேன். அடுப்பில் ஒரு பானை, அதன் வாயில் துணி மூட்டை, மூட்டைக்குள் மா வெந்துகொண்டிருந்தது.

"இது என்ன மாவு?" என்றேன்.

"இடியாப்ப மா தான் ராத்தா. பாண் போடுற மாவ அவிச்சு அரிச்சா நல்ல வெள்ளயா வரும். அரிசி மாவுல பிழிய இப்ப அரிசி எங்க ஈக்குது?" என்றார் சாச்சி.

இங்கே பிட்டும் அதே அவித்த மாவில்தான், சில கடைகளில் அப்பத்திலும் கலக்கிறார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான்: பலகாரத்தின் பெயரைக் கேட்காதீர்கள், மாவின் பெயரைக் கேளுங்கள்.

சாச்சியிடம் பயணக் களைப்பு என்றோம். மாப்பிள்ளையை வாசலுக்கு அழைத்துப் போய், "தம்பி, உங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லலையா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "உம்மா சந்தோசத்துல ஈக்குறாங்க மாமி. விருந்து முடியட்டும். பல்லேகமயில எங்களுக்கு மிளகு தாற ஆள் ஒருத்தர் ஈக்குறார். அவர்கிட்ட அரிசி எடுத்துட்டு வாறேன்."

மறுநாள் மாத்தளை. கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற குடும்பம், கடைக்குப் பின்னால் நீளமான வீடு. என் சம்பந்தியம்மா ஹலீமா கனத்த உடம்பு, மெல்லிய குரல். வீங்கிய காலை இழுத்து நடந்து வந்து சபியாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களைக் குசினிக்குக் கூட்டிப் போய் ஒரு பெரிய தகர டின்னின் மூடியைத் திறந்தார். கழுத்து வரை வெள்ளை மா.

"மகள் வாறாண்டு சேத்தது. நாங்க மரவள்ளிய திண்டுக்கிட்டு இத ஒதுக்கின. விருந்துக்கு இடியாப்ப புரியாணி போடணும். அரிசிக்கு வழி இல்ல, இதயாச்சும் குறை இல்லாம செய்வமே ராத்தா."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஹலீமா அந்த டின்னை மூடி, மூடியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அந்த வீட்டில் பெண்கள் எல்லாரும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். சஹன் என்பது பெரிய தாம்பாளம். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்பது. திருச்சியில் எங்களுக்கு ஆளுக்கொரு தட்டு. ஒரே சஹனில் பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கிறார்கள், துணுக்குகள் எல்லாப் பக்கமும் மிதக்கின்றன. வேறு தட்டுக் கேட்டால் கேட்டவளை எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஹலீமா நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து மருமகள் பக்கம் தள்ளினார். சபியா தள்ளியதைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். பசி இல்லை மாமி என்றாள். அவித்த மரவள்ளி, முட்டை, பழம் என்று அவள் ஓட்டினாலும், குழம்பின் வழியாகக் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. கொல்லைக்கும் அறைக்குமாக நடந்தாள். பெட்டியில் உரல் இருக்கிறது, பிழிய அரிசிமா இல்லை.

"அம்மா, இப்படியே எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். எனக்கு மாப்பிள்ளைமேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிடக் கூடுதலாக வந்தது.

அடுத்த நாள் மாப்பிள்ளை லொறியில் பல்லேகம போகப் புறப்பட்டார். "நீங்களும் வாங்க மாமி. மலை பாத்த மாதிரியும் ஈக்கும்" என்றார். ஹலீமாவும், ஊர் பார்த்துவிட்டு வாங்க ராத்தா என்றார். எனக்கும் அந்தச் சஹனிலிருந்து எழுந்தால் போதும் என்று இருந்தது.

இரத்தோட்டை வரை பாதை சாது. கடைத்தெருவில் பஸ்ஸிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மடியில் மாவுப் பொட்டலத்தோடு இன்னொருத்தியிடம், "அரிசி இல்லேன்னுட்டாங்க, இந்த வாரமும் மாவுதான் குடுத்தாங்க, ரொட்டி சுட்டுச் சுட்டுக் கை காச்சிப் போச்சு" என்று சொன்னது எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது. லயங்கள் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் சபியாவைப் போல ஒரு பிள்ளை இருந்தால் அதற்கு என்ன வியாதி என்று யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மலை ஏறும்வரை விடவில்லை.

அதற்கு மேல் வளைவுக்கு வளைவு மேகம் பாதையிலேயே படுத்திருந்தது. எங்கள் பச்சைமலையைப் பார்த்தவள்தான் நான். இது அதற்கு அப்பன். இறக்கத்தில் பிரேக் புகைந்தது. டிரைவர் வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். எங்கள் வலப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் புகைமூட்டம். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஓதி முடித்து முதலிலிருந்து தொடங்கியபோது, பிரேக் ஆறிவிட்டது என்று டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

பல்லேகமயில் மிளகுக்காரர் ஒரு சிங்களக் குடியானவர். அவர் மனைவி எங்களுக்குச் சுடச்சுடக் களி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். குரக்கன் என்றார்கள். தொட்டுப் பார்த்தால் நம்முடைய கேழ்வரகேதான். மாப்பிள்ளையை விட்டு, இதில் பாண் மாவு கலந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். "சேனையில் விளைகிறதைத் தின்ன எங்களுக்குக் கடை மாவு எதற்கு" என்றாராம். சேனை என்பது காட்டை வெட்டி விதைக்கும் நிலம். நான் இரண்டு வாய் தின்றேன். மனசு குளிர்ந்தது. அரிசி இல்லாவிட்டாலும் என் மகள் இந்தத் தேசத்தில் பிழைத்துக்கொள்வாள் என்று முதல்தடவையாகத் தோன்றியது.

குரக்கனைப் பற்றி இரண்டு வார்த்தை. தானியமாகவே வாங்க வேண்டும். கடையில் விற்கிற குரக்கன் ரொட்டி பிய்யாமல் வந்தால் அதில் கோதுமை இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான குரக்கனுக்கு அந்த இழுவை கிடையாது. தேங்காய்ப்பூவும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்தால் ஓரளவு கட்டுப்படும். அரைக்க மில்லுக்குக் கொடுக்காமல் வீட்டுத் திரிகையில் திரிப்பது உத்தமம். மில்லில் நமக்கு முன்னால் யார் எதை அரைத்தார்கள் என்று கண்டோமா?

ஒரு மூட்டை குரக்கன் லொறியில் ஏறியது. அரிசி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். மாப்பிள்ளை காதில் விழாத மாதிரி முன்னால் போய் ஏறிக்கொண்டார்.

இரத்தோட்டைக்கு மேலே பாதையை மறித்துக் கம்பு போட்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் முன்னால் என்னைப் பார்த்தார், தலைமுக்காட்டைப் பார்த்தார், போகச் சொல்லிக் கையைத் தூக்கினார். அப்போதுதான் மாப்பிள்ளை என்னை எதற்குக் கூட்டிவந்தார் என்று விளங்கியது. இன்னொருவர் சும்மா இருக்காமல் பின்னால் ஏறி, மூட்டையில் இரும்புக் கம்பியைச் செருகி இழுத்தார். கம்பியின் பள்ளத்தில் சிவந்த குரக்கனோடு நாலைந்து வெள்ளை மணி வந்தது.

மூட்டையைக் கவிழ்த்தார்கள். நடுவில் ஒரு துணிப்பை, அதில் அரிசி. மாப்பிள்ளையைக் கீழே இறக்கினார்கள். ஒருவர் அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். வழக்கு, லொறி பறிமுதல் என்று டிரைவர் என்னிடம் முணுமுணுத்தார். நான் இறங்கிப் போய்த் தமிழில், "ஐயா, என் மகளுக்குக் கோதுமை ஆகாது. தின்னா செத்துப் பிழைப்பா. அவளுக்குத்தான் இந்த அரிசி" என்றேன். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, சிங்களத்தில் முழுக்கச் சொன்னார். வியாதி, ஜபல்பூர், டாக்டர், உக்குவளை வாந்தி, ஒன்று விடவில்லை. தாயிடம் இத்தனை நாளாகச் சொல்லாததையெல்லாம் நடுரோட்டில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார்.

போலீஸ்காரர் கேட்ட கேள்வியை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தபோது அவர் காது சிவந்திருந்தது. "அப்படியான வியாதி என்றால் அந்தப் பிள்ளைக்குச் சமைக்கிறது யார், அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

அரிசியை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு எழுதவில்லை. கொட்டிய குரக்கனை நாங்கள் இருவரும் கையால் கூட்டி அள்ளினோம். மாத்தளை நெருங்கும்போது, "இன்னைக்குச் சொல்லிடுங்க தம்பி" என்றேன். தலையை ஆட்டினார். வீட்டுக்குள் நுழைந்தால் விருந்துக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விருந்தை ஒரு நாள் முன்னுக்கு எடுத்துவிட்டார்களாம். குசினியிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தது. மாப்பிள்ளையை ஆண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே பாயில் பெரிய சஹன். அதில் அவித்த மாவில் பிழிந்து, உதிர்த்து, இறைச்சியும் முந்திரியும் போட்ட இடியாப்ப புரியாணி மலையாகக் குவிந்திருந்தது. சுற்றிலும் பெண்கள். புது மருமகளுக்கு மாமியார் முதல் பிடியைத் தன் கையால் ஊட்ட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள். சபியா பட்டுச்சேலையில் ஹலீமாவின் பக்கத்தில் இருந்தாள். நான் வாசலில் நின்றபடி அவள் கண்ணைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். பிறகு, சரி ஒரு வாய்தானே, தின்றுவிடு என்றும் நினைத்தேன். பெற்ற மனசு அந்த நேரத்தில் அப்படியும் நினைத்தது.

ஹலீமா பிஸ்மி சொல்லி ஒரு பிடி எடுத்து உருட்டி மருமகள் வாயருகே கொண்டுபோனார். சபியா வாயைத் திறக்கவில்லை.

கை அப்படியே நின்றது. வெட்கப்படுகிறாள் என்று ஒருத்தி சிரித்தாள். சபியா மாமியாரின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, இத நான் திங்க முடியாது. எனக்குக் கோதுமை ஆகாது. சின்னதுல இருந்தே அப்படித்தான். தின்னா படுத்துருவேன்."

"இடியாப்பமா ஆகாது?"

"இந்த மாவு ஆகாது மாமி. பாணும் ஆகாது."

"எப்ப சரியாகும்?"

"ஆகாது மாமி. இருக்கிற வரைக்கும் இப்படித்தான்."

மூத்த உறவுக்காரி ஒருவர், "அப்ப வியாதிய மறைச்சுத்தானா..." என்று தொடங்கினார். ஹலீமா இடது கையைத் தூக்கினார். அவர் நிறுத்திக்கொண்டார்.

"நிஜாமுக்குத் தெரியுமா?"

ஆண்கள் பக்கத்தை மறைத்த திரைக்கு அப்பாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "தெரியும் உம்மா. செல்லத்தான் நெனச்ச. இண்டைக்கு ரத்தோட்டையில போலீஸ்காரனுக்குக்கூட சென்னேன்."

"போலீஸ்காரனுக்கு செல்ல வாய் வந்திச்சு" என்றார் ஹலீமா. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். "வந்த நாள் தொடக்கம் நல்லதெண்டு நான் இந்தப் புள்ளட பக்கம் தள்ளினதெல்லாம் நஞ்சு. ஒங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் செல்ல ஒருத்தருக்கும் மனசு வரல்ல."

கையிலிருந்த பிடியை ஹலீமா தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். மாதக்கணக்காகச் சேர்த்த மா. கண்ணில் நீர் நின்றது, விழவில்லை.

"இவளுக்கு எது ஆகும்?" என்று என்னிடம் கேட்டார்.

"குரக்கன். லாரியில இருக்கு."

"அப்ப அதச் செய்யுங்க. நாங்க ஈக்குறம்."

நான் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அத்தனை பெண்கள் பார்க்க உரலையும் சல்லடையையும் குண்டானையும் வெளியே எடுத்தேன். ஹலீமா ஒவ்வொன்றையும் பார்த்தார். திரிகையைக் கழுவித் துடைத்து, குரக்கனைத் திரித்து, என் சல்லடையில் சலித்து, தேங்காய்ப்பூ போட்டுப் பிட்டாக அவித்தேன். அதுவரைக்கும் ஒருத்தரும் சஹனில் கை வைக்கவில்லை. புது மருமகள் முதல் பிடி தின்னாமல் மற்றவர்கள் தின்பது அங்கே வழக்கம் இல்லை. புரியாணி ஆறி நெய் உறைந்தது. அடுப்பின் முன்னால் எனக்கு வேர்த்த வேர்வைக்கு அடுப்பு மட்டும் காரணம் இல்லை.

கரிய பிட்டைத் தட்டில் கொண்டுவந்தேன். "தட்டுல வேணாம்" என்று ஹலீமா இன்னொரு சஹனைக் கழுவச் சொல்லி அதில் கொட்டச் செய்தார்.

"விருந்துல புது மருமகளுக்குக் குரக்கனா?" என்றார் அந்த மூத்தவர். அது சேனைக்காரர்களின் சாப்பாடு. விருந்தில் வைத்தால் ஊர் சிரிக்கும்.

"ஓ, எனக்கும் அதுதான்" என்றார் ஹலீமா. கையைக் கழுவிக்கொண்டு ஒரு பிடி எடுத்து மருமகளுக்கு ஊட்டினார். சபியா வாயைத் திறந்தாள். பிறகு ஹலீமா அதே சஹனிலிருந்து தானும் தின்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் புரியாணியில் கைவைத்தார்கள். நான் எந்தச் சஹனில் உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. சபியா நகர்ந்து இடம் விட்டாள்.

நான் புறப்படும்வரை ஹலீமா என்னோடு அளந்துதான் பேசினார். ஆனால் குசினியில் என்னை விட்டு நகரவில்லை. எந்தக் கரண்டி, எந்தத் துணி, எண்ணெய்ச் சட்டி எப்படி என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாண் வேண்டும் என்றால் ஆம்பிளைகள் கடையில் தின்றுவிட்டு வரட்டும் என்று உத்தரவு போட்டார். வீட்டில் பரம்பரையாக இருந்த பித்தளை இடியாப்ப உரலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இந்த ஓட்டைகளுக்குள்ள நிக்கிற மா கழுவினா போகுமா?" என்று கேட்டார்.

"போகாது ராத்தா. எங்கயாவது கொஞ்சம் நிக்கும்" என்றேன். அந்த உரலை அவர் உள்ளே வைத்ததைப் பார்த்தேன், பிறகு அது அடுக்கில் இல்லை.

நான் கிளம்பும் காலையில் உறவுக்காரர்கள் எல்லாம் வாசலில் கூடியிருந்தார்கள். சபியாவின் முகம் தெளிந்திருந்தது. அழுதாள், ஆனால் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஹலீமா உள்ளேயிருந்து காலை இழுத்தபடி வந்தார். கையில் அந்தப் பித்தளை உரல், புளி போட்டுத் துலக்கியது, பளபளவென்று இருந்தது.

"இது எங்கட உம்மா எனக்குத் தந்தது. இனி இத இங்க வச்சிக்க ஏலா" என்று என் கையில் வைத்தார். நல்ல கனம். "எனக்குத் தெரியாம நீங்க ஒரு உரல் கொண்டு வந்தீங்க ராத்தா. இத எல்லாரும் பாக்கக் கொண்டு போங்க."

சுற்றிக்கொள்ள ஒரு துணி கேட்டேன். தரவில்லை.